500 டாலரும் 5 லட்சம் டாலரும்

நம் கேள்விப் பெட்டியில் இந்த மாதம் விழுந்த சீட்டுகளில் ஒன்று ரொம்பவே யோசிக்க வைத்தது. "விளையாட்டுச் சாமானுக்கெல்லாம் காப்புரிமை கொடுப்பாங்களா? கம்ப்யூட்டர் மெமரியைக் கண்டுபிடிச்சவருக்கு எவ்வளவு பணம் கிடைச்சது?" ஒரே சீட்டில் இரண்டு கேள்வி, பெயர் இல்லை. யாராக இருந்தாலும் பாராட்டுகள்! அடுத்த மாதம் நம் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வருவதால், இதற்குப் பதில் தெரிந்துகொள்வது நம் எல்லாருக்குமே அவசியம். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் காப்புரிமை என்றால் என்ன? ஆங்கிலத்தில் பேட்டன்ட் என்பார்கள். பரிசு, விருது மாதிரி ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது அரசாங்கத்துக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையே ஒரு கொடுக்கல் வாங்கல். "உன் கண்டுபிடிப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒளிக்காமல் படத்தோடு எழுதிக் கொடு. உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று குறிப்பிட்ட காலத்துக்கு நான் தடுக்க உரிமை தருகிறேன்" என்கிறது அரசு. இந்தியாவில் அந்தக் காலம் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அது முடிந்தால் யார் வேண்டுமானாலும் செய்யலாம். விண்ணப்பத்தின் கடைசியில் "இது இது என்னுடையது" என்று வரிசையாக எழுதுவார்கள். அதற்கு உரிமைக் கோரல்கள் என்று பெயர். கோர்ட்டில் சண்டை வந்தால் அந்த வரிகளைத்தான் ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துப் பார்ப்பார்கள்.

இன்னொரு நிபந்தனை: விஷயம் புதிதாக இருக்க வேண்டும். பல்லாங்குழிக்கும் ஆடுபுலி ஆட்டத்துக்கும் இன்று போய் யாரும் காப்புரிமை கேட்க முடியாது. நம் பாட்டிக்குப் பாட்டி விளையாடியதாச்சே!

பிசினஸ் அட்டையின் தாய்

திருவிழாக் கடையில் 'பிசினஸ்' விளையாட்டு அட்டை வாங்கியிருப்பீங்க. ஊர் ஊராக வாங்கி, வீடு கட்டி, அடுத்தவர் வந்து நின்றால் வாடகை வசூலிப்போமே, அதுதான். அதன் மூலம் அமெரிக்காவின் 'மோனோபோலி'. அந்த மோனோபோலிக்கும் ஒரு மூலம் உண்டு. அதைச் செய்தவர் எலிசபெத் மேகி என்ற பெண்மணி. சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தவர். அமெரிக்காவில் பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை வந்தது 1920-ல்தான். ஆனால் மேகி 1893-லேயே தட்டச்சு எந்திரத்தில் காகிதம் சுலபமாக நகர ஒரு கருவி செய்து காப்புரிமை வாங்கிவிட்டார்!

1903-ல் அவர் 'நிலக்கிழார் ஆட்டம்' என்ற விளையாட்டுக்கு விண்ணப்பித்தார். 1904 ஜனவரி 5-ல் கிடைத்தது. எண் 748,626. சதுரப் பலகை, சுற்றிலும் கட்டங்கள், ரயில்வே, ஒரு மூலையில் சிறை, ஒரு சுற்று வந்தால் 100 டாலர் கூலி. எல்லாம் நமக்குத் தெரிந்த சங்கதிதானே! ஆனால் மேகி இதைப் பொழுதுபோக்குக்காக மட்டும் செய்யவில்லை. நிலம் சிலர் கையில் குவிந்தால் மற்றவர்கள் எப்படி ஏழையாகிறார்கள் என்று காட்டத்தான் செய்தார். ஹென்றி ஜார்ஜ் என்ற பொருளாதார அறிஞரின் கருத்து அது. பிறகு இரண்டு வித விதிகளும் வைத்தார். ஒன்றில் ஒருவரே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்வார். மற்றொன்றில் செல்வம் எல்லாருக்கும் பரவும்.

ஆட்டம் கல்லூரிகளில் கைக்குக் கை பரவியது. கடையில் வாங்காமல் துணியிலும் அட்டையிலும் வரைந்து விளையாடினார்கள். அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை ஊரில் இருந்தவர்கள் தங்கள் தெருப் பெயர்களைக் கட்டங்களில் எழுதிக்கொண்டார்கள். அந்தப் பலகைதான் சுற்றிச் சுற்றி சார்லஸ் டாரோ என்பவரிடம் வந்தது. பொருளாதார மந்த காலம், அவருக்கு வேலை இல்லை. கொஞ்சம் அழகுபடுத்தி, தானே கண்டுபிடித்ததாகச் சொல்லி, பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனிக்கு 1935-ல் விற்றார். அந்த வருடக் கடைசி நாளில் அவர் பெயரிலேயே காப்புரிமையும் வந்துவிட்டது.

எப்படிப் பிடிபட்டது தெரியுமா? 'மார்வென் கார்டன்ஸ்' என்ற இடத்தின் பெயரை, டாரோவுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தவர் பலகையில் 'மார்வின்' என்று தப்பாக எழுதியிருந்தார். டாரோவின் பலகையிலும் அதே தப்பு! பக்கத்து பெஞ்சைப் பார்த்துக் கணக்குப் போடுகிறவர் விடையோடு பிழையையும் சேர்த்தே எழுதுவாரே, அந்த மாதிரி.

மேகியின் முதல் காப்புரிமைக் காலம் முடிந்திருந்தது. அமெரிக்காவில் அப்போது கிடைத்த நாளிலிருந்து 17 ஆண்டுகள்தான். ஆனால் திருத்திய ஆட்டத்துக்கு 1924-ல் இன்னொன்று வாங்கி வைத்திருந்தார். பார்க்கர் கம்பெனி அவரிடம் போய் அதை 500 டாலருக்கு வாங்கிவிட்டது. விற்பனையில் பங்கு கிடையாது. தன் கருத்து இனி ஊரெல்லாம் பரவும் என்று மேகி நம்பினார். டாரோ கோடீஸ்வரர் ஆனார். மேகி 1936-ல் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1948-ல் இறந்துவிட்டார். 1970-களில் ரால்ஃப் ஆன்ஸ்பாக் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 'ஆன்டி மோனோபோலி' என்று ஓர் ஆட்டம் விற்று, அந்தக் கம்பெனியோடு வழக்கில் மாட்டினார். அந்த வழக்குக்காகப் பழைய காகிதங்களைத் தோண்டியபோதுதான் மேகியின் பெயர் வெளியே வந்தது. அவருடைய காப்புரிமைப் பத்திரம் இல்லாவிட்டால் அவர் இருந்ததற்கே சாட்சி இருந்திருக்காது என்பேன்.

கதை ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு மாதிரி. லெகோ கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1958 ஜனவரி 28-ல் டென்மார்க்கில் விண்ணப்பித்தார்கள். மேலே குமிழ், உள்ளே குழாய், இரண்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். அவ்வளவுதான் கண்டுபிடிப்பு! அந்தக் காலம் முடிந்து, இப்போது யார் வேண்டுமானாலும் அதே மாதிரி கட்டை செய்யலாம். கட்டையின் வடிவத்தை வணிகச் சின்னமாகவாவது பதிவு செய்யலாம் என்று கம்பெனி முயன்றது. ஐரோப்பிய நீதிமன்றம் 2010-ல் முடியாது என்றுவிட்டது. ரூபிக் கனசதுரத்துக்கு ஹங்கேரியின் எர்னோ ரூபிக் 1975-ல் தன் நாட்டில் விண்ணப்பித்தார். ஆனால் அமெரிக்காவில் லாரி நிக்கோல்ஸ் என்பவர் காந்தம் வைத்த 2×2×2 கனசதுரத்துக்கு 1972-லேயே வாங்கியிருந்தார், அது தனி வழக்கு. தண்ணித் துப்பாக்கியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். 'சூப்பர் சோக்கர்' செய்த லோனி ஜான்சன் நாசாவில் பணியாற்றிய பொறியாளர். 1982-ல் வீட்டில் வெப்பப் பம்பு ஒன்றைச் சோதித்தபோது குழாய் முனையிலிருந்து தண்ணீர் பீறிட்டது. காற்றைப் பம்பு அடித்து அழுத்தி, அந்த அழுத்தத்தால் தண்ணீரைத் தள்ளினால்? 1986-ல் காப்புரிமை. விற்பனையில் பங்கு என்று ஒப்பந்தம் போட்டவர் என்பதால், பாக்கிப் பணத்துக்காக வழக்காடி 2013-ல் சுமார் 7 கோடியே 30 லட்சம் டாலர் வாங்கினார். மேகியின் 500 டாலரைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

வளையத்துக்குள் ஒரு ஞாபகம்

இப்போது சீட்டின் இரண்டாம் கேள்வி. டி.வி.யில் விளையாடும் முதல் வீட்டு விளையாட்டுப் பெட்டி 'ஒடிசி', 1972-ல் வந்தது. ரால்ஃப் பேர் என்பவரின் கண்டுபிடிப்பு. அதில் மெமரியே கிடையாது! ஸ்கோரை ஆடுபவர்களே காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் மெமரி அவ்வளவு விலை. (இந்த பேரின் காப்புரிமையை மீறியதாக அட்டாரி கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். அதே பேர்தான் பிறகு அட்டாரியின் ஓர் ஆட்டத்தைப் பார்த்து 'சைமன்' என்ற விளக்குப் பொம்மையைச் செய்தார், அதற்கும் காப்புரிமை வாங்கினார். உலகம் இப்படித்தான் போல!)

பெரிய கம்ப்யூட்டர்களில் 1950-களிலிருந்து 1970-கள் வரை இருந்தது காந்த வளைய மெமரி. 'கோர் மெமரி' என்பார்கள். ஃபெரைட் என்ற பொருளில் செய்த பொடி உளுந்து வடை மாதிரி வளையங்கள், நடுவில் ஓட்டை. வளையத்தை வலப்பக்கமாகக் காந்தமாக்கினால் 1, இடப்பக்கமாக என்றால் 0. கரண்ட் போனாலும் மறக்காது.

ஒரு சிக்கல் உண்டு. வளையத்தில் இருப்பது 1-ஆ 0-ஆ என்று எப்படிப் படிப்பது? அதை 0 பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும். 1 இருந்தால் புரளும், புரளும்போது பக்கத்துக் கம்பியில் ஒரு மின் துடிப்பு வரும் (நம் பாடத்தில் வரும் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டல்தான்). 0 இருந்தால் ஒன்றும் வராது. ஆனால் படித்து முடித்ததும் எல்லாம் 0 ஆகிவிடுமே! படித்தாலே அழிகிற நோட்டுப் புத்தகம் யாருக்கு வேண்டும்?

ஷாங்காயில் பிறந்து ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்த ஆன் வாங் இதற்கு வழி சொன்னார். அழியட்டுமே, படித்த உடனே திரும்ப எழுதிவிட்டால் போச்சு! நொடியின் துளி நேரத்தில் முடிகிற வேலை. 1949 அக்டோபரில் விண்ணப்பித்தார், 1955-ல் கிடைத்தது. 1951-ல் 600 டாலர் சேமிப்போடு சொந்தக் கம்பெனி தொடங்கினார். 1956-ல் ஐ.பி.எம். அந்தக் காப்புரிமையை 5 லட்சம் டாலருக்குப் பேசி வாங்கியது. அந்தப் பணம் அவர் கம்பெனிக்கு உரமானது.

இன்னொருவர் எம்.ஐ.டி.யின் ஜே ஃபாரெஸ்டர். அவர் யோசித்தது வேறு. ஆயிரம் வளையத்துக்கு ஆயிரம் தனிக் கம்பியா இழுப்பது? நம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். "மூன்றாவது வரிசை, ஐந்தாவது பெஞ்ச்" என்றால் ஒரே ஒருவர்தான் எழுந்திருப்பார். அதே மாதிரி வளையங்களைக் கட்டம் கட்டமாக அடுக்கி, குறுக்கே ஒரு கம்பி, நெடுக்கே ஒரு கம்பி ஓட்டினார். ஒவ்வொன்றிலும் பாதி மின்னோட்டம் மட்டும். பாதிக்கு வளையம் அசையாது. இரண்டு கம்பியும் சந்திக்கிற ஒரே வளையத்தில் மட்டும் முழு மின்னோட்டம், அது மட்டும் புரளும். 32×32 கட்டத்தில் 1024 வளையம், தேர்ந்தெடுக்க 64 கம்பி போதும்! 1953-ல் எம்.ஐ.டி.யின் 'வேர்ல்விண்ட்' கம்ப்யூட்டரில் இதைப் பொருத்தினார்கள். காப்புரிமை 1956-ல் வந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தோடு வழக்கு இழுத்து, 1964-ல் அவர்கள் எம்.ஐ.டி.க்கு 1 கோடியே 30 லட்சம் டாலர் கொடுத்தார்கள். என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாக் கண்டுபிடிப்பிலும் இதுதான் அழகு. சாதாரண வரிசை எண்ணில் அடங்கிவிட்டதே!

வளையங்களைக் கையால்தான் கோத்தார்கள், பெரும்பாலும் பெண்கள், ஊசியும் உருப்பெருக்கியுமாக. அவர்கள் பெயர் எந்தக் காப்புரிமையிலும் இல்லை.

இன்று நம் லேப் கம்ப்யூட்டரில் உள்ள ரேம், ஐ.பி.எம்.மின் ராபர்ட் டென்னார்ட் 1966-ல் யோசித்தது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, ஒரு பிட். மின்தேக்கி ஓட்டைக் குடம் மாதிரி கசிந்துகொண்டே இருக்கும், அதனால் நொடிக்குப் பல முறை நிரப்ப வேண்டும். காப்புரிமை 1968-ல் கிடைத்தது. அவர் சம்பளக்காரர், எனவே உரிமை கம்பெனிக்கு. டென்னார்ட் 2024-ல் காலமானார். பென் டிரைவ், மெமரி கார்டு இவற்றில் இருக்கும் ஃபிளாஷ் மெமரி ஜப்பானின் ஃபூஜியோ மசுவோகா கண்டுபிடித்தது. 1984-ல் உலகுக்கு அறிவித்தார். அவரும் தோஷிபா ஊழியர். தனக்கு உரிய பங்கு தரவில்லை என்று 2004-ல் தன் பழைய கம்பெனி மேலேயே வழக்குப் போட்டு, 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்குச் சமரசம் ஆனார். அவர் கேட்டதோ 100 கோடி யென்.

நம் கண்காட்சிக்கு வருவோம்

நம் நாட்டில் காப்புரிமைச் சட்டம் 1970-ல் இயற்றப்பட்டது. அதன் 3-ஆம் பிரிவு எதற்கெல்லாம் கிடையாது என்று சொல்கிறது. ஓர் ஆட்டத்தை ஆடும் முறைக்கு மட்டும் என்றால் கிடையாது. கம்ப்யூட்டர் நிரலுக்கு அது மட்டும் தனியாக என்றாலும் கிடையாது. ஆக, மேகி இங்கே வந்திருந்தால் சிரமம்தான். புது விதமாக இயங்கும் பொம்மைக்குக் கேட்கலாம்.

ஆனால் முக்கியமான விஷயம் இது. விண்ணப்பிக்கும் முன் பொது இடத்தில் விளக்கிக் காட்டிவிட்டால் "இது புதிது" என்று சொல்லும் உரிமை போய்விடக் கூடும். அரசு தனியே அறிவித்த கண்காட்சிகளுக்கு 12 மாத விலக்கு உண்டு, பள்ளிக் கண்காட்சி அதில் சேராது. இந்தச் சுவர்ப் பத்திரிகையில் படம் வரைந்து விளக்கினாலும் அதே கதைதான்! உண்மையிலேயே புதிதாக ஏதாவது செய்திருக்கிறவர்கள் வேலை செய்யும் விதத்தைப் பலகையில் எழுதுவதற்கு முன் நம் அறிவியல் ஆசிரியரிடம் தனியாகப் பேசுங்க. முழு விவரம் தயாராகாவிட்டாலும் தற்காலிக விண்ணப்பம் ஒன்று கொடுத்து நாளைப் பிடித்துக்கொள்ளலாம், முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். தமிழ்நாட்டுக்கான காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

இந்த மாதக் கேள்வி: ஃபாரெஸ்டர் முறையில் 4096 வளையங்களைச் சதுரமாக அடுக்கினால், தேர்ந்தெடுக்க எத்தனை கம்பி வேண்டும்? செய்முறையோடு எழுதி, பெயரும் வகுப்பும் குறிப்பிட்டு, கேள்விப் பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்க. (இந்தத் தடவையாவது பெயர் எழுதுங்கப்பா!)