பொதுவெளிச் சான்றுகளும் எல்லை தாண்டிய சிலைக் கடத்தலும்: ஸ்ரீபுரந்தான் நடராசரை முன்வைத்து

முன்னுரை

நாடுகடந்த குற்றங்களை ஆராய்தல் காவல்துறைக்கே உரிய பணி எனக் கருதப்படுகிறது. எனினும் அருங்காட்சியகப் பட்டியல், விற்பனைக்கூட வெளியீடு, ஒளிப்படத் தொகுப்பு முதலிய, யாவரும் காணத்தக்க பொதுவெளிச் சான்றுகள் அப்பணிக்குப் பெருந்துணையாகின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் நடராசர் திருமேனியின் வரலாறு இதனை உணர்த்துகிறது.

களவும் போலி வரலாறும்

அப்பகுதி பெரம்பலூர் மாவட்டத்துடன் இணைந்திருந்த 2006ஆம் ஆண்டில், வழிபாடு குன்றியிருந்த அக்கோயிலின் செப்புத்திருமேனிகள் களவாடப்பட்டன. நியூயார்க் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் நடராசரை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. சூடான் நாட்டுத் தூதரக அலுவலர் ஒருவரின் குடும்பத்திடம் அச்சிலை நெடுங்காலம் இருந்ததாக ஆவணம் காட்டப்பட்டது. தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் 1972ஆம் ஆண்டுச் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே சிலை நாட்டைவிட்டு நீங்கியதாகக் காட்டுவதே அப்போலி வரலாற்றின் நோக்கம்.

ஒளிப்படம் என்னும் சான்று

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1994இல் எடுத்த ஒளிப்படம் அந்நடராசர் கோயிலிலேயே இருந்ததைக் காட்டியது. மெழுகுக் கருவை உருக்கி வார்க்கும் முறையில் அச்சு உடைக்கப்படுவதால் ஒரு திருமேனி மற்றொன்றைப் போல் முழுதும் அமைவதில்லை. ஆகவே திருவாசியின் சுடர்கள், தேய்மானம், வடுக்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு இரு படங்களிலும் உள்ளது ஒரே சிலை என நிறுவ இயலும். 1970களில் வெளிநாட்டில் இருந்ததாகச் சொல்லப்பட்ட சிலை 1994இல் கோயிலில் இருந்ததெனின் அவ்வாவணம் பொய்யாகிறது. 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டார்.

சான்றின் எல்லை

சிலை எங்கிருந்தது என்பதை ஒளிப்படம் நிறுவும்; திருடியவர் யார், பணம் எவ்வழிச் சென்றது என்பவற்றை அது கூறாது. அவை புலனாய்வால் வெளிப்பட வேண்டியவை. கபூர் 2011இல் ஜெர்மனியில் கைதாகி, 2012இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். உடையார்பாளையம் பகுதிச் சிலைத் திருட்டு வழக்கில் 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

முடிவுரை

படம் எடுக்கப்படாத திருமேனி களவுபோனால் அதனை உரிமை கோருதல் அரிது. வாலிகண்டபுரம் போன்ற தொன்மையான ஊர்களைக் கொண்ட வேப்பந்தட்டை வட்டாரத்தில், சிற்றூர்க் கோயில்களின் திருமேனிகளை முன்பக்கம், பின்பக்கம், பீடம், உயரம், வடு, நாள் ஆகிய விவரங்களுடன் உரிய இசைவு பெற்றுப் பதிவுசெய்தல் கல்லூரி மாணவர்க்கு இயலும் களப்பணியாகும். அப்பதிவைக் களவுக்கு முன்பே செய்தல் வேண்டும்; களவுக்குப் பின் எடுப்பதற்குச் சிலை இராது.