பல்கலைக் கழகத்தில் கூட்டுவேலைப் பாடம்

கூட்டு வியாபாரத்தைப் பற்றி நம்மவர்க்கு எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் முதல் போடுவார். ஒருவர் கல்லாவில் அமர்வார். ஒருவர் சரக்கெடுக்கப் போவார். எவருக்கு எந்த வேலை, எவ்வளவு பங்கு என்பது பேரேட்டில் இருக்கும். ஆனால் நம் பிள்ளைகள் இன்ஜினியரிங் படிக்கும் இடங்கள் பலவற்றில், நாலு பேரை ஒரு குழுவாகச் சேர்த்து விட்டால் கூட்டுவேலை தானாக வந்துவிடும் என்று எண்ணி விடுகிறார்கள்.

விடுமுறைக்கு வரும் பிள்ளைகளை விசாரித்தால் சங்கதி தெரியும். சுங்கை ஆயர் தாவார் பிள்ளை வாய் திறப்பதற்குள் பட்டணத்துப் பிள்ளைகள் இருவர் பேசி முடித்திருப்பார்கள். பெண் பிள்ளையென்றால் குறிப்பெழுதும் வேலை. கருவியைத் தொடுவது மற்றவர். இப்படியே நாலு வருஷம் போனால் மார்க்கு வரும், தொழில் வராது.

மலேசியா 2009-ல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்தினராயிற்று. அதனால் நம் நாட்டில் அங்கீகாரம் பெற்ற இன்ஜினியரிங் பட்டத்திற்கு மற்ற அங்கத்தின நாடுகளிலும் மதிப்புண்டு. பட்டதாரிக்கு வேண்டிய தகுதிகளை 2021-ல் திருத்தியபோது, பலதரப்பட்டவர் இருந்தால் போதாது, அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் குழுவில் வேலை செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதினார்கள். ஆகவே இது தயவு தாட்சண்யமன்று, பாடத்திலேயே சேர்ந்தது.

ஜொகூர் ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக் கழகத்தில், ரசாயன இன்ஜினியரிங் பேராசிரியை கைரியா முகமது யூசோப் முதலானோர் இதற்கொரு முறை வகுத்தனர். முதலில் சிக்கலைக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் தனியே படித்து, மற்றவருக்குக் கற்பிக்கக் குறிப்பு எழுதி வர வேண்டும். பிறகுதான் கூடிப் பேசுவது. கையில் குறிப்போடு வருகிறவனை, கூச்சக்காரனேயானாலும், ஒதுக்க முடியாதல்லவா?

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக் கழகப் பேராசிரியர் ரிச்சர்டு பெல்டரும் அவர் கூட்டாளிகளும் கூறுவது இன்னும் கறாரானது. குழுவை ஆசிரியரே பிரிக்க வேண்டும். முதல் வருஷங்களில் ஒற்றைப் பெண்ணையோ சிறுபான்மைப் பிள்ளையையோ ஒரு குழுவில் தனியே விடலாகாது. குழுவினர் ஒருவரையொருவர் மதிப்பிட வேண்டும். மதிப்பிடுவது கெட்டிக்காரத்தனத்தையன்று, தயாராக வந்தானா, தன் பங்கைச் செய்தானா என்பதையே.

கணக்கு நமக்குப் பிடித்தமானது. குழுவுக்கு 80 மார்க்கு என்போம். நால்வர் பெற்ற மதிப்பீடு 81, 93, 93, 93, சராசரி 90. முதலாமவனுக்கு 81-ஐ 90-ஆல் வகுத்தால் 0.9. அவன் மார்க்கு 72.

இதில் எனக்கொரு சந்தேகமுண்டு. பேச்சு வழக்கு பிடிக்காமலோ, இனம் பார்த்தோ மூவர் கூடி ஒருவனுக்குக் குறைத்துப் போடலாம். காரணத்தை எழுதி வாங்கி ஆசிரியர் பார்க்காவிட்டால் இந்தத் தராசும் கள்ளத் தராசே.

வேலை செய்யாதவனை எச்சரித்து, ஆசிரியரும் பேசிப் பார்த்த பின் குழுவிலிருந்து நீக்கவும் அவர்கள் முறையில் இடமுண்டு. எல்லாச் சுமையையும் தனியே சுமப்பவன் தானே விலகிக்கொள்ளவும் செய்யலாம். நீங்கியவன் தன்னை ஏற்றுக்கொள்ளும் வேறொரு குழுவைத் தேடிக்கொள்ள வேண்டும். அந்த நிலை வருவது அபூர்வமாம். எச்சரிக்கைக் கடிதத்தோடு பெரும்பாலும் சரியாகி விடுகிறதாம்.