கல்லூரிக் கால்பந்தும் ஓட்டமும்



கால்பந்தாட்டம் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது பந்து. அடுத்து வருவது கோல். ஓட்டம் நினைவுக்கு வருவதே இல்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்ப்போரும் பந்து வைத்திருப்பவனையே பார்க்கின்றனர். பந்தில்லாத மற்ற இருபத்தொருவரும் என்ன செய்கிறார்கள் என்று நோக்குவோர் மிகச் சிலர். ஆடுகின்ற நாமும் இதற்கு விலக்கல்லோம். பந்து காலுக்கு வந்தால் உயிர் பெறுகிறோம். போய்விட்டால் இடுப்பில் கைவைத்து நின்றுவிடுகிறோம். கல்லூரி அணிகள் பல தோற்பது இந்த இடத்திலேதான் என்பது என் எண்ணம். பெரிய ஆட்டக்காரன் என்ற உரிமையில் இதை நான் எழுதவில்லை. ஓட வேண்டிய நேரத்தில் நின்றுவிட்டவன் என்ற முறையிலேயே எழுதுகிறேன்.

சித்தூரில் நடந்தது

திருப்பதியிலிருந்து சித்தூர் சுமார் 70 கிலோமீட்டர். கல்லூரிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்திற்காக விடியற்காலைப் பஸ்ஸில் எங்கள் அணி அங்குச் சென்றது. நான் வலப்புற விங். எனக்குப் பின்னால் பேக்காக ஆடியவன் சித்தூர்ப் பக்கத்துத் தமிழ் மாணவன். எனக்கு ஓராண்டு இளையவன். மகன் சொந்த ஊரில் ஆடுகிறான் என்பதால் அவன் தந்தையார் அன்றைய வேலையை விட்டுவிட்டு ஆட்டம் பார்க்க வந்திருந்தார்.

முதற் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். அதற்குப் பந்து கொடுத்தவன் நான். என் வேலை முடிந்தது என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் வெயில் ஏறிற்று. எதிரணியின் இடப்புற பேக் தன் இடத்தை விட்டு, என்னைக் கடந்து முன்னேறி ஓடத் தொடங்கினான். ஓரத்தில் நின்ற கூட்டம், "பரிகெத்துரா! பரிகெத்து!" என்று தெலுங்கில் கூவியது. ஓடு என்று அவனுக்குச் சொன்ன சொல் எனக்கும் பொருந்தும். ஆனால் நான் ஓடவில்லை. பின்னால் பேக் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்வான் என்று நின்றேன். அவன் ஒருவன்மேல் இருவர் வந்தனர், கோல் விழுந்தது. கால் மணி கழித்து அதே வழியாக இன்னொரு கோல். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

தோல்விக்குக் காரணம் பேக் என்று எல்லாரும் ஒரே குரலில் கூறினர். அடுத்த ஆட்டத்தில் அவனைச் சேர்க்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அன்று பஸ் ஏறுமுன் அவன் தந்தையார் என் அருகில் வந்து, குற்றம் சாட்டும் குரலில் அன்றி, தெரிந்துகொள்ளும் ஆவலோடு கேட்டார்:

"ஏன் தம்பி, அந்தப் பக்கம் ரெண்டு பேரு வந்தாங்களே, எம் புள்ள ஒருத்தன் எப்படிப்பா ரெண்டு பேரையும் தடுப்பான்?"

"ஆட்டம்னா அப்படித்தாங்க ஐயா" என்றேன்.

கால்பந்தாட்டத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்த ஒருவர் கண்ட உண்மையை, பல ஆண்டு ஆடிய எங்களில் ஒருவரும் காணவில்லை. அவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடையையே இப்போது எழுதுகிறேன்.

ஒரு சிறு கணக்கு

ஆட்ட நேரம் 90 நிமிடம். ஆடுவோர் 22 பேர். பந்து ஒரு கணமும் வீணாகாமல் எப்போதும் யாரேனும் ஒருவர் காலிலேயே இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒருவர் பங்குக்கு நான்கு நிமிடமும் சில விநாடிகளுமே வரும். உண்மையிலோ பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் போகிறது, ஆகாயத்தில் பறக்கிறது, ஃபவுலுக்காக நிற்கிறது. இவற்றைக் கழித்தால் இரண்டு மூன்று நிமிடமே மிஞ்சும். மீதியுள்ள ஏறத்தாழ எண்பத்தேழு நிமிடமும் ஒருவன் பந்தில்லாமல்தான் ஆடுகிறான். ஆட்டத்தின் பெரும்பகுதி அதுவாக இருக்க, நம் பயிற்சி முழுவதும் அந்த மூன்று நிமிடத்திற்காகவே நடக்கிறது. இது முறையா என்று எண்ணிப் பாருங்கள்.

முதல்தர ஆட்டக்காரர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை நகர்கிறார் என்று இக்கால அளவீடுகள் காட்டுகின்றன. திருப்பதியிலிருந்து புறப்பட்டவர் சந்திரகிரியை நெருங்கிவிடும் தூரம் அது. ஆனால் அத்தனையும் விரைந்த ஓட்டமன்று. பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமே. விரைந்த ஓட்டம் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். ஆகவே ஓயாமல் ஓடுவது ஆட்டமன்று. எப்போது ஓடுவது என்று அறிந்து ஓடுவதே ஆட்டம்.

ஓட்டம் மூவகை

முதலாவது, பந்துடன் ஓடுதல். பார்ப்போர் கைதட்டுவது இதற்கே. எதிரில் வெற்றிடம் இருக்கும்போது பந்துடன் ஓடினால், எதிரணியின் பேக் தன் இடத்தை விட்டு வந்தே தீரவேண்டும். அவன் வந்தால் அவன் விட்ட இடம் நம்முடையது. ஆனால் வெற்றிடம் இல்லாதபோது ஓடுவது பந்தைத் தானம் செய்வதாகும். நால்வர் நடுவே நுழைந்து மூவரை ஏமாற்றிவிட்டு நான்காமவனிடம் பந்தை இழப்பவன் கைதட்டல் பெறுவான். அணி கோல் வாங்கும்.

இரண்டாவது, பந்தில்லாமல் ஓடுதல். இதன் ஆற்றலை உலகம் வியந்து கண்ட நாள் 1953 நவம்பர் 25. ஐரோப்பியக் கண்டத்து அணி எதனிடமும் தன் மண்ணில் தோற்றிராத இங்கிலாந்தை, லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஹங்கேரி அணி 6–3 என்று வென்றது. ஹங்கேரியின் சென்டர் பார்வர்டு ஹிடெக்குட்டி, கோலின் அருகே நிற்காமல் மைதானத்தின் நடுப்பகுதிக்குப் பின்வாங்கி ஓடினார். அவரைக் காக்க வேண்டிய இங்கிலாந்தின் ஹாரி ஜான்ஸ்டனுக்கு இருதலைக்கொள்ளி எறும்பின் நிலை. பின்தொடர்ந்தால் கோலுக்கு முன்னே இடம் காலியாகிறது. தொடராவிட்டால் ஹிடெக்குட்டி தடையின்றி ஆடுகிறார். அன்று ஹிடெக்குட்டி மூன்று கோல்கள் போட்டார். பந்தைத் தொடாமலே எதிரியை இப்படிக் குழப்பத்தில் ஆழ்த்துவதுதான் பந்தில்லா ஓட்டத்தின் பயன்.

மூன்றாவது, திரும்பி ஓடுதல். பந்தை இழந்ததும் நம் கோலை நோக்கி ஓடி, தோழனுக்குத் துணை நிற்பது இது. இதற்குக் கைதட்டல் கிடையாது. பத்திரிகையில் பெயர் வராது. நன்றாகச் செய்தால் ஒன்றுமே நடவாதது போலத் தோன்றும். சித்தூரில் நான் செய்யத் தவறியது இதையே. ஓர் அணியில் நட்பு இருக்கிறதா என்று அறிய விரும்பினால், பந்தை இழந்த பின் ஐந்து விநாடி அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள், போதும்.

ரஹீம் கற்பித்த பாடம்

இவையெல்லாம் அயல்நாட்டாருக்கே உரியவை என்று எண்ண வேண்டா. இன்று அண்டை மாநிலத்தின் தலைநகராகிவிட்ட ஹைதராபாத்தில் ஆசிரியராக இருந்தவர் சையத் அப்துல் ரஹீம். ஹைதராபாத் நகரப் போலீஸ் அணிக்கும், 1950 முதல் 1963இல் மறையும் வரை இந்திய அணிக்கும் அவர் பயிற்சி அளித்தார். ஒருவனே பந்தைத் தட்டிக்கொண்டு போவதில் நம்மவர்க்குள்ள மோகத்தை அவர் அறிந்திருந்தார். ஆதலால் அவ்வாறு தட்டிச் செல்வதற்கே இடமில்லாத போட்டிகளை நடத்தினார். பந்து வந்தவுடன் கொடுத்துவிட வேண்டும் என்றால், வாங்குபவன் அதற்கு முன்பே ஓடி வந்திருக்க வேண்டும் அல்லவா? பந்தைப் பிடித்து வைப்பதைத் தடுத்து, ஓட்டத்தைக் கட்டாயமாக்கினார் அந்த ஆசிரியர்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்ற இந்தியா, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று அரையிறுதிக்குச் சென்றது. அங்கும் அதே யுகோஸ்லாவியா எதிர்ப்பட்டது. இரண்டாம் பாதியில் முதல் கோலைப் போட்டது இந்தியாவே. பின்னர் 4–1 என்று தோற்றாலும், நான்கு ஆண்டில் ஏற்பட்ட வேற்றுமையைக் காண்க. 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில், தொடக்கச் சுற்றில் தென்கொரியாவிடம் 2–0 என்று தோற்ற இந்தியா, இறுதி ஆட்டத்தில் அதே கொரியாவை 2–1 என்று வென்று தங்கம் பெற்றது. அந்த அணியின் கோல் கீப்பர் பீட்டர் தங்கராஜ், முன்னணியில் ஆடிய துளசிதாஸ் பலராம் இருவரும் ஹைதராபாத், செகந்திராபாத் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

அமெரிக்கக் கல்லூரிகளில்

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து என்ற பெயரில் ஆடப்படுவது வேறோர் ஆட்டம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கஜம் முன்னேறினால் பந்து தொடர்ந்து அவர்களுடையது. பந்தை முன்னோக்கி எறியலாம் என்னும் விதி 1906இல்தான் வந்தது. அதற்கு முன் ஓட்டமே ஆட்டமாக இருந்தது. எறிந்த பந்து தரையில் விழுந்தால் அந்த முயற்சி வீண். ஓட்டமோ பெரும்பாலும் சிறிதேனும் முன்னேற்றும். ஓட்டத்திற்கு நான்கு கஜம் என்றால் மூன்று ஓட்டத்தில் 12 கஜம்! அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதுவே. ஓட்டத்தைத் தடுக்க எதிரணியினர் நெருங்கி வந்தால், அவர்கள் தலைக்கு மேலே எறிவதற்கு வழி திறக்கும்.

அந்நாட்டின் இராணுவ, கடற்படை, விமானப்படைக் கல்லூரிகள் நெடுங்காலமாக ஓட்ட ஆட்டத்தையே நம்பி வந்துள்ளன. பெரிய பல்கலைக் கழகங்களின் ஆட்டக்காரரைப் போன்ற பருத்த உடலினர் அவற்றிற்குக் கிடைப்பதில்லை. பந்தைத் தொலைவிற்குக் குறிதவறாமல் எறிவது அரியவர் ஒருவரின் திறமை. கூடி ஓடி வழி திறப்பது அனைவரின் உழைப்பு. குறைந்த வசதியுள்ள அணிக்கு உகந்தது எது என்று நான் சொல்ல வேண்டுவதில்லை.

நமக்கும் இதுவே பொருந்தும். ஆண்டுதோறும் இறுதி வகுப்பினர் பிரிந்து போகின்றனர், புதியவர் வருகின்றனர். பந்தை அடக்கும் நுணுக்கம் சிறு வயது முதல் பழகி வருவது. இரண்டு மாதத்தில் அதை எவராலும் புகட்ட இயலாது. ஓட்டத்தையோ இரண்டு மாதத்தில் பழக்கலாம்.

பழகும் முறை

1. பாய்ச்சல்: இருபது மீட்டர் தூரத்தை முழு வேகத்தில் ஓடி, நடந்து திரும்புக. பத்து முறை போதும். ஆட்டத்தில் வரும் பாய்ச்சல் பெரும்பாலும் இவ்வளவே.

2. கொடுத்து ஓடுதல்: இருவர் இருவராக நின்று, பந்தைக் கொடுத்தவன் அக்கணமே முன்னேறி ஓடித் திரும்பப் பெறுக. கொடுத்துவிட்டு நிற்பவனுக்கு ஒரு சுற்றுத் தண்டனை.

3. மூவருக்கு நடுவே ஒருவன்: மூவர் பந்தைத் தமக்குள் மாற்றிக்கொள்ள, நடுவில் நிற்பவன் பறிக்க முயல்க. ஒரே தொடுகையில் கொடுக்க வேண்டும் என்று விதி செய்துகொண்டால், ஓடாமல் மூவரும் தப்ப முடியாது.

4. திரும்புதல்: விசில் ஒலித்ததும் பந்தை அங்கேயே விட்டுவிட்டு, அனைவரும் நம் பாதிக்குள் ஓடி வருக. கடைசியில் வருபவன் யார் என்பதை ஒவ்வொரு நாளும் எழுதி வைக்க வேண்டும்.

மூச்சை அளந்து செலவிடும் கலையை நம் ஊர் மலைப்பாதையே கற்பிக்கும். அலிபிரியிலிருந்து திருமலைக்குப் படிகள் ஏறத்தாழ 3,550. முதல் நூறு படிகளைத் தாவி ஏறியவர், காலிகோபுரத்தை அடையுமுன்பே மூச்சிரைக்க உட்கார்ந்திருப்பார்; பதறாமல் ஏறிய பாட்டியார் அவரைக் கடந்து போய்க்கொண்டிருப்பார். ஆட்டத்திலும் முதற் கால் மணியில் அனைத்தையும் செலவிட்டவன் கடைசிக் கால் மணியில் கடனாளி. மேலும் நம் பகுதி வெயில் கொடியது. கோடையில் காலை ஏழு மணிக்குள் பயிற்சியை முடித்துக்கொள்க. தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் அருந்துக.

முடிவாக

திறமை ஒருவனுடைய சொத்து. ஓட்டம் பதினொருவரின் பொதுச் சொத்து. தேரை ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவன் யாருக்கும் தெரியமாட்டான். ஆனால் அவன் பங்கின் பளுவை அடுத்தவன் தோள் சுமக்கும். ஓடாதவன் ஓய்வெடுப்பதில்லை, தன் ஓட்டத்தைத் தோழன் தலையில் ஏற்றுகிறான்.

அந்த ஆட்டம் முடிந்து மூன்று வாரம் சென்றபின், விடுதியில் அந்தப் பேக்கின் அறைக்குச் சென்று, "அந்த ரெண்டு கோலும் என்னாலதான் விழுந்தது, தம்பி" என்றேன். "தெரியும் அண்ணா" என்று மட்டும் சொன்னான். பின்னர் அணித் தலைவரிடமும் மற்றவர்களிடமும் அதையே சொன்னேன். அடுத்த பருவத்தில் அவன் மீண்டும் அணிக்கு வந்தான்.

அவன் தந்தையார் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்: இருவரை ஒருவன் தடுக்க முடியாது, ஐயா. இன்னொருவன் ஓடி வந்திருக்க வேண்டும். அந்த இன்னொருவன் நான்.