விமானத்தில் எந்த வகுப்பு? இருக்கையின் அடக்க விலை பார்ப்போம்

நம் வட்டாரத்து வணிகர்கள் பயணச் செலவில் கையை இறுக்கிப் பிடிப்பவர்கள். மண்டியில் லட்சக்கணக்கில் சரக்குக்குப் பணம் கட்டுகிறவர்கூட, சென்னைக்குப் போக இரண்டாம் வகுப்புப் படுக்கை கிடைத்தால் போதும் என்பார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சிக்கனத்தில்தான் விருதுநகரில் பல கடைகள் எழுந்து நின்றன. ஆனால் இன்று பருப்பு இறக்குமதி செய்பவர் யாங்கூனுக்கும் துபாய்க்கும் போகிறார். சிவகாசி அச்சக உரிமையாளர்கள் ஜெர்மனியின் டூசல்டார்ப் நகரில் நடக்கும் துருபா அச்சு இயந்திரக் கண்காட்சிக்கும், சீனாவின் குவாங்சோ சந்தைக்கும் போய் வருகிறார்கள். டிக்கெட் போடும் ஏஜெண்ட், "எகானமியா, பிசினஸா?" என்று கேட்டால் நம்மவர்கள் சொல்லும் பதில் இரண்டுதான். ஒன்று, "இருக்கிறதிலேயே குறைஞ்சதைப் போடுங்க". மற்றது, நாலு காசு சேர்ந்தவர் சொல்லும் "பெரிசாகவே போடுங்க". இரண்டுமே கணக்குப் பார்க்காத பதில்கள். இருக்கையையும் ஒரு சரக்காக வைத்து, அதன் அடக்கம் என்ன, கூடுதல் பணத்துக்கு நமக்கு என்ன வந்து சேர்கிறது என்று இங்கே பார்ப்போம்.

விற்கப்படுவது தரை இடம்

முதலில் நமக்குத் தெரிந்த ரயிலையே எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் விருதுநகரில் நிற்கிறது. அதில் சாதாரண இருக்கைப் பெட்டியில் ஒரு வரிசைக்கு மூன்றும் இரண்டுமாக ஐந்து பேர். முழுப் பெட்டிக்கு 78 பேர். எக்சிகியூட்டிவ் பெட்டியில் இரண்டும் இரண்டுமாக நான்கு பேர்; பெட்டிக்கு 52 பேர். அதாவது 78 பேர் இடத்தை 52 பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கும் இடம் ஒன்றரை மடங்கு. கட்டணமோ ஒன்றே முக்கால் மடங்கையும் தாண்டிக் கிட்டத்தட்ட இரு மடங்குக்குப் போகிறது. இடத்துக்கு மேல் வாங்கும் அந்தப் பாக்கிதான் ரயில்வேயின் லாப விகிதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

விமானத்திலும் இதே கணக்குத்தான். ஏர்பஸ் 320 ரக விமானத்தில் எகானமி மட்டும் போட்டால் 180 இருக்கைகள் போடலாம். ஏர் இந்தியா இதே ரகத்தில் 12 பிசினஸ், 150 எகானமி, ஆக 162 இருக்கை போட்டு ஓட்டியது. 30 எகானமி இருக்கை போகும் இடத்தில் 12 பிசினஸ் இருக்கை உட்கார்ந்திருக்கிறது. சமையல் இடம், வரிசை இடைவெளி எல்லாம் சேர்ந்த தோராயக் கணக்கு இது. ஆனாலும் ஒரு பிசினஸ் இருக்கைக்கு இரண்டரை எகானமி இருக்கையின் இடம் என்பது விளங்கும். கடைக்கு வாடகை கொடுக்கிற நமக்கு இது புதிதல்ல. ஆகவே பிசினஸ் டிக்கெட் எகானமியைப் போல இரண்டரை மடங்கு விலை என்றால், அது இடத்துக்கான வாடகை. நான்கு மடங்கு, ஐந்து மடங்கு என்றால் மீதி எதற்கு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எகானமியில் ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் உள்ள தூரம் பொதுவாக 28 முதல் 31 அங்குலம். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து முன் இருக்கையின் அதே புள்ளி வரை அளப்பது இது. இதில் சாய்மானத்தின் கனமும் அடங்கும் என்பதால் முழங்காலுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. அகலம் 17, 18 அங்குலம். உயரமானவருக்கும் முட்டி வலிக்காரருக்கும் அந்த இரண்டு மூன்று அங்குலம்தான் பயணத்தின் சுகம் துக்கம் எல்லாம்.

பெயர் ஒன்று, சரக்கு பல

'நயம்' என்று மூடையில் எழுதியிருந்தால் நாம் கை விட்டு அள்ளிப் பார்க்காமல் வாங்குவதில்லை. விமானத்தில் மட்டும் 'பிசினஸ்' என்ற சொல்லை நம்பிவிடுகிறோம். தொலைதூரப் பெரிய விமானங்களில் பிசினஸ் என்றால் முழுதாக நீட்டிப் படுக்கும் இருக்கை. உள்நாட்டுச் சிறிய விமானங்களில் பெரும்பாலும் அகலமான சாய்வு நாற்காலிதான். இண்டிகோ 2024 நவம்பரில் டில்லி–மும்பை தடத்தில் தொடங்கிய உயர் வகுப்பும் இந்த வகைதான். விமானத்துக்கு 12 இருக்கை, வரிசைக்கு நான்கு. ஐரோப்பாவுக்குள் பறக்கும் பல கம்பெனிகளில் பிசினஸ் என்பது அதே எகானமி இருக்கைதான். நடு இருக்கையைக் காலியாக விட்டு, சாப்பாடு கொடுக்கிறார்கள். சென்னையிலிருந்து பிராங்க்பர்ட் வரை படுத்துக்கொண்டு போன நம்மவர் அங்கே விமானம் மாறியதும், "என்னய்யா, ஏமாத்திட்டாங்களா?" என்று திகைப்பது இதனால்தான். ஏமாற்றவில்லை, அங்கே சரக்கே அதுதான். ஏஜெண்டிடம் கேட்க வேண்டியது, "எந்த வகுப்பு?" என்பதல்ல. "எந்த விமானம், இருக்கை படுக்கையாகுமா, எத்தனை மணி நேரம்?" என்று கேட்க வேண்டும்.

இடையில் பிரீமியம் எகானமி என்றொரு ரகம் உண்டு. நம் நாட்டில் இதை 2015-ல் கொண்டுவந்தது விஸ்தாரா. அந்த நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவோடு இணைந்துவிட்டது. காலுக்கு இடம் கூடும்; படுக்க முடியாது. பகல் நேர நீண்ட பயணத்துக்கு ஏற்றது. இரவுப் பயணத்துக்கு அரைகுறை என்பதே நம் அபிப்பிராயம்.

மதுரையில் நடந்த சோதனை

இந்த விஷயத்தில் நமக்கு அருகிலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. மதுரையைச் சேர்ந்த பாரமவுண்ட் ஜவுளிக் குழுமம் 2005 அக்டோபரில் பாரமவுண்ட் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தைத் தொடங்கியது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னால்தான் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான், குறைந்த கட்டணத்தில் அதிகம் பேரை ஏற்றும் வழியைத் திறந்திருந்தது. பாரமவுண்ட் அதற்கு நேர் எதிர்ப் பக்கம் போனது. விமானம் முழுவதும் பிசினஸ் வகுப்பு, வணிகர்களே வாடிக்கையாளர் என்றது. பிரேசில் நாட்டு எம்பிரேயர் 170, 175 ரக விமானங்களை இந்தியாவில் முதலில் ஓட்டியது அவர்கள்தான். அந்த ரகத்தில் வரிசைக்கு இரண்டும் இரண்டும்; நடு இருக்கை என்பதே கிடையாது. தெற்கத்தி ஊர்களுக்கிடையே ஓடிய இந்தச் சேவையை நம்மில் பலர் அனுபவித்தோம். விமானத்தைக் குத்தகைக்குக் கொடுத்த நிறுவனங்களோடு ஏற்பட்ட வழக்குகளில் சிக்கி 2010-ல் அது நின்றுபோனது.

வசதியான இருக்கை கொடுத்ததால் நொடித்தது என்று பேசுபவர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். குத்தகைத் தகராறு வேறு, இருக்கை வேறு. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். ஒரு மணி நேரப் பயணத்தில் பயணிக்குப் பிடித்தது, பக்கத்தில் மூன்றாவது ஆள் இல்லை என்பதே. அந்த வசதி இன்றும் மதுரை–சென்னை தடத்தில் வரும் ஏடிஆர் விசிறி விமானத்தில் எகானமி விலைக்கே கிடைக்கிறது. அதில் 78 இருக்கைகள், வரிசைக்கு இரண்டும் இரண்டும். ஒரு சூட்சுமம்: ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் வாசல் பின்பக்கம். விசிறிகள் இறக்கைக்கு முன்னால் சுற்றுவதால் சத்தமும் அதிர்வும் முன்பாதியில்தான் அதிகம். முன்வரிசைக்குக் கூடுதல் பணம் கட்டி உட்காருபவர் சத்தத்தையும் வாங்கிக்கொண்டு, கடைசி ஆளாக இறங்குகிறார். பெரிய ஜெட் விமானத்தில் கதை வேறு. அங்கே அவசர வழி வரிசையில் காலுக்கு நிறைய இடம் உண்டு. சில நூறு ரூபாய் முதல் ஆயிரம், இரண்டாயிரம் வரை கூடுதலாகக் கொடுத்தால் போதும். அவசரத்தில் கதவைத் திறக்க உதவும் தெம்புள்ளவருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள் என்பதால், முட்டி வலிக்காரருக்கு அது கிடைக்காது.

இரவுத் தூக்கத்தின் விலை

நாம் அறிந்த சிவகாசி அச்சகக்காரர் ஒருவர், வயது அறுபதைத் தாண்டியவர், நான்கு நாள் வேலையாக ஜெர்மனி போனார். மகன் பிசினஸ் டிக்கெட் போடுகிறேன் என்றபோது, "எனக்கென்ன பல்லக்கா வேணும்?" என்று மறுத்துவிட்டார். இரவு முழுவதும் நடு இருக்கை. விடிந்து இறங்கியதும் இரண்டு காலும் வீங்கி, முதல் நாள் முழுவதும் ஓட்டல் அறையில் படுத்திருந்தார். இயந்திரம் பார்க்க வாங்கியிருந்த நேரம் தவறிப்போயிற்று.

கணக்குப் போடுவோம். உதாரணத்துக்கு, பயணத்தின் மொத்தச் செலவு இரண்டு லட்சம் என்றால், வீணான ஒரு நாளின் விலை ஐம்பதாயிரம். பிசினஸுக்குக் கூடுதல் ஒன்றரை லட்சம் என்றால், அதைக் கொடுத்து ஐம்பதாயிரத்தைக் காப்பாற்றுவது வியாபாரம் ஆகாது. அவர் மறுத்தது சரிதானே என்று தோன்றும். ஆனால் வேறு வழிகள் இருந்தன. எகானமியிலேயே ஒரு நாள் முன்னதாகப் போய், ஓர் இரவு அறை வாடகை கொடுத்துத் தூங்கி எழுந்திருக்கலாம். அல்லது போகும் இரவுக்கு மட்டும் உயர்ந்த வகுப்பும், வரும்போது எகானமியும் போட்டிருக்கலாம். ஊருக்குத் திரும்பியவர் இரண்டு நாள் ஓய்வெடுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? போகும்போது செய்த செலவுதான் வேலைக்கான செலவு. ஒரே டிக்கெட்டில் இரண்டு வகுப்பைக் கலந்து போட முடியும் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை.

மதுரையிலிருந்து கொழும்புக்கு ஒரு மணி நேரப் பயணம். அதற்குப் பிசினஸ் எடுப்பது வீண். சிங்கப்பூர், துபாய்க்குச் சென்னையிலிருந்து நான்கு, நான்கரை மணி நேரம். பகலில் என்றால் எகானமியில் நடைபாதை ஓர இருக்கையே போதும்.

கால் வீக்கத்தைப் பற்றி இன்னொரு சொல். காலில் இரத்தம் உறைவதை 'எகானமி வகுப்பு நோய்' என்று சிலர் சொல்வதுண்டு. உலக சுகாதார அமைப்பு 2007-ல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து போனால் இந்த அபாயம் சுமார் இரு மடங்காகிறது என்றது. ஆரோக்கியமானவர்களில் 6,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் என்றாலும், பஸ், கார், ரயிலுக்கும் அது பொருந்தும். சிவகாசியிலிருந்து ஆம்னி பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து போகிறவரும் இதில் சேர்த்திதான். காரணம் வகுப்பு அல்ல, அசையாமை. இடையிடையே எழுந்து நடக்க வேண்டும். சர்க்கரை, இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள்

எகானமி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். பிரீமியம் எகானமி, பிசினஸ், முதல் வகுப்பு எல்லாவற்றுக்கும் 12 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். வரிக்கு முன் 5,000 ரூபாய் எகானமி டிக்கெட் 5,250 ஆகும். 15,000 ரூபாய் பிசினஸ் டிக்கெட் 17,700 ஆகும்.

தொழில் நிமித்தப் பயணமானால், கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம். டிக்கெட் போடும்போதே கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் கொடுத்திருக்க வேண்டும். பிறகு ஓடிப் பயனில்லை. பட்டாசுக்காரர்கள் தங்கள் சரக்குக்கு 18 சதவீதம் கட்டுகிறவர்கள் என்பதால் இந்த வரவு முழுதாகப் பயன்படும். காம்பொசிஷன் திட்டத்தில் இருக்கும் மளிகைக் கடைக்காரருக்கு வரவு கிடையாது. பருப்பு மொத்த வியாபாரிகளும் கவனிக்க வேண்டும்: 25 கிலோவுக்கு மேற்பட்ட மூடையாகவோ சில்லறையாக உதிரியாகவோ விற்கும் பருப்புக்கு வரி விலக்கு என்பதால், அந்த விற்பனையின் விகிதத்துக்கு ஏற்ப வரவை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆக ஒரே பிசினஸ் டிக்கெட் பட்டாசுக்காரருக்கு 15,000. காம்பொசிஷன் மளிகைக்காரருக்கு 17,700. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போடுங்கள்.

சென்னைக்கு மட்டும் என்றால்

சென்னைக்குப் போவதற்கு நாம் இன்னும் இரவு ரயிலின் கட்சிதான். சிவகாசி வழியாக வரும் பொதிகையிலோ, விருதுநகர் வழியாக வரும் நெல்லையிலோ இரண்டடுக்கு ஏசியில் ஏறினால், ஜெர்மனி விமானத்தில் லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கும் அதே சரக்கு, அதாவது நீட்டிப் படுக்கும் இடம், அதில் சிறு பங்கு விலைக்குக் கிடைக்கிறது. வேலை நாளும் கெடுவதில்லை. சாதாரண வகுப்பு என்றால் கட்டை என்ற நிலையும் மாறிவிட்டது. 1977-ல் ரயில்வே அமைச்சரான மது தண்டவதே இரண்டாம் வகுப்புப் படுக்கையில் பலகையின் மேல் நுரை மெத்தை போட வைத்தார். மேல் வகுப்பை இன்னும் உயர்த்தாமல், கீழ் வகுப்பைத் தூக்கிவிட்ட காரியம் அது. விமானக் கம்பெனிகள் அந்த வழியில் போகக் காணோம்.

கடைசியாக மூட்டை விவரம். உள்நாட்டு எகானமியில் பெட்டிக்கு 15 கிலோ, கையில் 7 கிலோ. ஓர் எண்ணெய் டின் கணக்கு என்று நினைவில் வைக்கலாம். பிசினஸில் கூடுதல் எடை உண்டு. சாம்பிள் நிறையக் கொண்டுபோகிறவர் தனியாக எடைக்குக் கட்டும் பணத்தையும் கூட்டிப் பார்த்துவிட்டு வகுப்பை முடிவு செய்யலாம். ஆனால் எந்த வகுப்பானாலும் பட்டாசு சாம்பிள் மட்டும் ஒன்றுகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. கைப்பையிலும் கூடாது, ரயிலிலும் கூடாது. மத்தாப்பு ஒரு பெட்டி தானே என்று போட்டவர் விமான நிலையத்தில் நாள் முழுவதும் விளக்கம் சொல்ல நேரிடும். லேபிளும் விலைப் பட்டியலும் கொண்டுபோனால் போதும்.