எந்தப் பாடத்தைப் போதிப்பது?

கேள்வி: தத்துவம், தமிழ் இரண்டிலும் எம்.ஏ. தேறியிருக்கிறேன். கல்லூரி ஆசிரியப் பணிக்கு எதைத் தேர்ந்துகொள்வது?

பதில்: இதே இரு பாடங்களுக்கிடையே நின்றவர், பரிதிமாற் கலைஞர் என்று பிரசித்தி பெற்ற வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. பரீட்சையில் இவ்விரண்டிலும் முதன்மையாகத் தேறிய அவர், கல்லூரித் தலைவர் மில்லர் துரை தத்துவ சாஸ்திர ஆசிரியர் பதவியை அளிக்க முன்வந்தபோதும், தமிழ்ப் பண்டிதர்க்குக் கௌரவமும் சம்பளமும் குறைவாயிருந்த அக்காலத்திலே, தமிழாசிரியர் பணியையே வேண்டிப் பெற்று 1893இல் ஏற்றார். வகுப்போடு திருப்தியடையாமல், ஆர்வமுள்ள மாணாக்கரைத் தம் இல்லத்திற்கும் வரவழைத்துப் போதித்தார். அந்தத் துணிவின்மீது எனக்கு அளவற்ற பக்தி உண்டு. ஆகையால், உத்தியோகம் எதில் சுலபமாகக் கிட்டும் என்ற யோசனையை (அதுவும் அவசியந்தான்) சற்றே ஒதுக்கிவைத்து, மணி அடித்த பிறகும் எதைப் பிறருக்கு விளக்கிச் சொல்ல உங்கள் மனம் துடிக்கிறதோ, அந்தப் பாடத்திலேயே கல்லூரி ஆசிரியத் தகுதிக்கான நெட் தேர்வை எழுதுங்கள்.