தீப்பெட்டிப் படமும் எட்டாம் வகுப்பும்

சென்ற கல்வியாண்டில் ஒரு மதியம் கடைசி பெஞ்சில் இரண்டு தலைகள் அளவுக்கு மீறிக் குனிந்திருந்தன. போய்ப் பார்த்தால் ரப்பர் பேண்டு போட்ட மல்யுத்த வீரர் அட்டைக் கட்டு. பிள்ளைகள் டிரம்ப் கார்டு என்பார்களே, அதுதான். வழக்கம்போல் வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது சும்மா எடுத்துப் புரட்டினேன். அட்டைகள் எடை வாரியாக இறங்குவரிசையில் இருந்தன. இரண்டு முறை வந்தவை தனிக்கட்டு. கட்டுக்கு நடுவே மடித்த தாள் ஒன்று. அதில் இன்னும் கிடைக்காத வீரர்களின் பெயரும், அது யாரிடம் இருக்கிறது என்ற குறிப்பும். அட்டவணை நிரப்பச் சொன்னால் வெறும் கட்டங்களைத் திருப்பித் தருகிற மாணவனுடைய கையெழுத்து அது.

மறுநாள் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆனால் அந்தத் தாள் மனதைவிட்டுப் போகவில்லை. காரணம், அந்த வயதில் என்னிடமும் அப்படி ஒரு நோட்டு இருந்தது.

1990 வாக்கில் திண்டுக்கல்லில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குப் பொக்கிஷம் என்றால் தீப்பெட்டிப் படம்தான். பெட்டிக்கடை வாசலில், டீக்கடை பெஞ்சுக்கு அடியில், பேருந்து நிலையத்தில் எல்லாம் குனிந்தபடியே நடப்போம். மரச்சீவல் பெட்டியில் ஒட்டிய தாள் என்பதால், கொஞ்ச நேரம் தண்ணீரில் போட்டால் படம் தானே கழன்று மிதக்கும். அதைத் துணியில் ஒற்றி, கனத்த புத்தகத்துக்குள் வைத்துக் காய வைக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் நடுவில் கிழியும். சிறுத்தையோடு மனிதன் மோதும் ‘சீட்டா ஃபைட்’, பாய்மரக் கப்பல், குதிரைத் தலை எல்லாம் சுலபமாகக் கிடைப்பவை. ஊர் பேர் தெரியாத சிறு கம்பெனியின் படம் ஒன்று கிடைத்துவிட்டால் அதற்கு ஐந்து கப்பல் கேட்கலாம். அந்தப் பேரத்தில்தான் நான் விகிதம் கற்றேன் என்று இப்போது தோன்றுகிறது. பயல்கள் வட்டம் போட்டுக் கல் எறிந்து படம் ஜெயிக்கும் ஆட்டத்தில் மட்டும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

தொழிலகங்கள் பாடம் வந்தபோது இதையே எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்பு, 31 பேர். இரண்டு வாரத்தில் தீர்ந்துபோன தீப்பெட்டிகளைச் சேகரித்து வரச் சொன்னேன். காலிப்பெட்டி மட்டும்தான். உரசும் பட்டையை வீட்டுப் பெரியவர்கள் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்பதையும் பெற்றோருக்குச் சொல்லி அனுப்பினேன். இப்போதைய பெட்டிகள் அட்டையிலேயே அச்சாகி வருவதால் ஊறவைக்கும் வேலை இல்லை. ஒட்டிய விளிம்பைப் பிரித்தால் தட்டையாக விரிந்துவிடும். ஆளுக்கு ஒரு பழைய நோட்டு. பக்கத்துக்கு ஒரு பெட்டி, பக்கத்தில் ஐந்து குறிப்புகள்: பெயர், படம், தயாரான ஊர், குச்சி எண்ணிக்கை, விலை.

‘தயாரான ஊர்’ என்ற அந்த ஒரு குறிப்பே பாதிப் பாடத்தை நடத்திவிட்டது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று திரும்பத் திரும்ப வந்தது. ஒன்றிரண்டில் குடியாத்தம். வரைபடத்தில் புள்ளி வைத்ததும், “ஏன் டீச்சர் எல்லாம் ஒரே பக்கமா இருக்கு?” என்று அவர்களே கேட்டார்கள். மழை குறைந்த கரிசல் காடு, விவசாயம் கைகொடுக்காத மாதங்களில் வேலை தேடும் கைகள், சரக்கைக் காயவைக்க வறண்ட காற்று என்று விடையை ஒவ்வொன்றாக எடுத்து வைக்க முடிந்தது. 1922இல் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் பழகி, அடுத்த ஆண்டே ஊர் திரும்பித் தொழில் தொடங்கிய அய்ய நாடார், சண்முக நாடார் இருவரின் கதையையும் சொன்னேன். அதே 1923இல்தான் ஸ்வீடன் நிறுவனம் இந்தியாவில் விம்கோவைத் தொடங்கியது. அதற்கு முன் நம் வீடுகளில் அடுப்பு எரிந்தது ஸ்வீடன், ஜப்பான் தீக்குச்சிகளில். நம் ஊர்ச் சாமி படங்களை அச்சடித்து அங்கிருந்து அனுப்பினார்கள் என்றதும் வகுப்பே சிரித்தது. தீப்பெட்டிக்குப் படம் அச்சடிக்கப் போய்த்தான் சிவகாசியில் அச்சுத்தொழிலே வேர் பிடித்தது.

விலைக் குறிப்பும் நன்றாக வேலை செய்தது. 2007இல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறிய பெட்டி, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாய் ஆனது. 14 ஆண்டுகள் விலை ஏறாத வேறு பொருளைச் சொல்லுங்கள் என்றேன். யாராலும் சொல்ல முடியவில்லை.

மல்யுத்த அட்டைக்காரனுக்காக ஒரு பாடவேளையை ஒதுக்கினேன். அமெரிக்காவில் பேஸ்பால் வீரர்களின் பழைய அட்டைகளைச் சேகரிப்பது பெரிய பொழுதுபோக்கு, அதைவிடப் பெரிய வியாபாரம். அந்த அட்டைகள் முதலில் வந்தது சிகரெட் பெட்டிக்குள். பெட்டி நசுங்காமல் இருக்க வைத்த அட்டையில் படம் போட்டால் விற்பனை கூடும் என்று கண்டுகொண்டார்கள். வேடசந்தூரில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிற, ஒரு காலத்தில் சுருட்டுக்குப் பெயர்போன நம் திண்டுக்கல் பிள்ளைகளுக்கு இதில் புரியாதது எதுவும் இல்லை. 1909 முதல் 1911 வரை வெளிவந்த வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை சுமார் 60 மட்டுமே மிஞ்சியிருக்கிறது. 2022இல் அதில் ஒன்று 72.5 லட்சம் டாலருக்கு விலைபோனது. தன் படத்தைக் காட்டிச் சிறுவர்களைச் சிகரெட் வாங்க வைக்கக் கூடாது என்று அவர் மறுத்ததால் அச்சு நின்றது என்பார்கள். தனக்குப் பணம் தரவில்லை என்று மறுத்தார் என்போரும் உண்டு. எது சரி என்று வகுப்பில் விவாதிக்க விட்டேன். இரண்டு அணியும் விட்டுக்கொடுக்கவில்லை. 1980களில் இந்த விலைகளைக் கேள்விப்பட்டு ஆளாளுக்கு அட்டைகளை வாங்கிப் பத்திரப்படுத்த, கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்துத் தள்ள, அந்தக் கால அட்டைகள் பெரும்பாலானவை இன்று காசு பெறாதவை. “அப்போ எல்லாரும் பத்திரமா வச்சா அதுக்கு மதிப்பு கிடையாதா டீச்சர்?” என்று கேட்டவன் அவன்தான். தேவையும் அளிப்பும் பற்றி நான் எழுதிப்போட்ட வரையறையைவிட அந்தக் கேள்வி தெளிவாக இருந்தது.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். குச்சி எண்ணிக்கை என்ற குறிப்பு நிறுத்தவிடவில்லை. “பெட்டிக்குள்ள இத்தனை குச்சிய யாரு எண்ணிப் போடுவா?” என்று ஒரு மாணவி கேட்டாள்.

சாத்தூர்ப் பக்கம் எனக்கு ஒரு அத்தை மகள் உண்டு. என் வயதுதான். கோடை விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் எனக்கென்று ஒட்டாத புத்தம்புதுப் படங்களை ஒரு கற்றை வைத்திருப்பாள். திண்டுக்கல்லில் யாரிடமும் இல்லாத படங்கள். அவளைப் பார்த்து எனக்கு அவ்வளவு பொறாமை. ஐந்தாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டார்கள் என்பதும், விடியும் முன்பே வேன் வந்து அவளை ஏற்றிச் செல்லும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தக் கற்றையோடு அதைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இதை வகுப்பில் சொல்லலாமா என்று ஒரு இரவு முழுக்க யோசித்தேன். சொன்னேன். 1986இன் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசிப் பிள்ளைகளுக்காக உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்ற உத்தரவு எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதினேன். வேறு நாளாக இருந்தால் தேதியை மனப்பாடம் செய்வதோடு போயிருக்கும். அன்று அந்த மாணவி மனக்கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னாள்: “தீர்ப்பு வந்தப்ப அந்த அக்காவுக்கு வயசு தாண்டிருச்சு டீச்சர்.”

பிறகு இன்னொரு கேள்வி. “அந்த அக்காவும் படம் சேத்தாங்களா?”

நான் அவளிடம் அதைக் கேட்டதே இல்லை. அன்று இரவு போன் செய்தேன். இப்போது அவள் மகள் நர்சிங் படிக்கிறாள். அந்தப் பேச்சு முடிந்த பின்தான் கேட்க முடிந்தது. “நான் எங்கடி சேத்தேன்? நாளு பூரா அதையே பாத்துட்டு வீட்டுக்கு வந்தும் அதையேவா பாக்கறது? உனக்குப் பிடிக்கும்னுதான் எடுத்து வச்சேன்” என்றாள். கணக்குப்பிள்ளை பார்த்தால் திட்டுவார் என்று பாவாடையில் செருகிக் கொண்டுவருவாளாம்.

நோட்டுகள் இப்போது வகுப்பு நூலக அலமாரியில் இருக்கின்றன. அவற்றில் ஆறாவது குறிப்பாக ‘யார் செய்தது’ என்று மாணவர்களே சேர்த்துக்கொண்டார்கள். பெட்டியில் அதற்கு விடை இல்லாததால் பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. இந்த ஆண்டு பூட்டு செய்யும் பட்டறை ஒன்றுக்கு ஒரு குழுவும், சின்னாளபட்டித் தறிவீடு ஒன்றுக்கு இன்னொரு குழுவும் போக அனுமதி கேட்டிருக்கிறோம். அங்கே அந்தக் குறிப்பை ஆளிடமே கேட்டு நிரப்பலாம். பூட்டுப் பட்டறைக் குழுவுக்குப் பொறுப்பாளன் மல்யுத்த அட்டைக்காரன். யாரிடம் என்ன கேட்பது என்ற பட்டியலை இப்போதே மடித்து சட்டைப்பையில் வைத்திருக்கிறான்.