வழி தேடும் கம்ப்யூட்டர், வழி தெரிந்த டிரைவர்

தண்டலத்தில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வேன் டிரைவர் இருக்கிறார். ஒரகடத்தில் உள்ள ஒரு தொழிற்சாலைக்குக் காலை ஷிப்ட் ஆட்களை ஏற்றிச் செல்கிறார். மகளின் படிப்புக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"சார், ஏழு இடத்துல ஆள் ஏத்தணும். ஆறு மணிக்குள்ள கேட்டுக்குப் போயிடணும். லேட்டானா அவங்களுக்கு அரை நாள் சம்பளம் போயிடும். எந்த வரிசையில போனா சீக்கிரம் போகலாம்னு இந்தக் கம்ப்யூட்டர் சொல்லுமா?"

"சொல்லுமே அண்ணே" என்று உடனே சொல்லிவிட்டேன். அந்த அவசரத்தில் நான் செய்த தவறும், அதில் கற்றுக் கொண்டதும்தான் இந்தப் பாடம். ஒரு பிரச்சினையைக் கம்ப்யூட்டர் எப்படித் தீர்க்கிறது? நாம் எப்படித் தீர்க்கிறோம்? முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரு விடுகதையில் இருந்து தொடங்குவோம்.

புலி, ஆடு, புல்லுக்கட்டு

ஒருவர் புலி, ஆடு, புல்லுக்கட்டு மூன்றையும் ஆற்றின் அக்கரைக்குக் கொண்டு போக வேண்டும். படகில் அவருடன் ஒன்றை மட்டுமே ஏற்ற முடியும். அவர் இல்லாத கரையில் புலி ஆட்டைத் தின்றுவிடும், ஆடு புல்லைத் தின்றுவிடும். என்ன செய்வது?

முதலில் ஆட்டைக் கொண்டு போக வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அடுத்து புலியை அக்கரைக்குக் கொண்டு போனதும் பலர் நின்று விடுவார்கள். காரணம், அடுத்த படி ஆட்டை இக்கரைக்கே திரும்பக் கொண்டு வருவது. கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வருவதா? நம் மனம் அதை எளிதில் ஏற்காது.

கம்ப்யூட்டருக்கு இந்தத் தயக்கம் கிடையாது. ஆள், புலி, ஆடு, புல் ஆகிய நான்கும் ஏதாவது ஒரு கரையில் இருக்க வேண்டும். எனவே மொத்தம் 16 நிலைகள். அதில் ஆபத்தில்லாதவை 10 மட்டுமே. இந்தப் பத்தையும் ஒன்று விடாமல் பார்த்து, 7 முறை ஆற்றைக் கடந்தால் வேலை முடியும் என்று கண்டுபிடித்துவிடும். ஆட்டைத் திரும்பக் கொண்டு வருவது அதற்கு மற்றொரு படி, அவ்வளவுதான்.

ஜிபிஎஸ் என்றொரு புரோகிராம்

நாம் யோசிக்கும் விதத்தையே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? அமெரிக்காவில் ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன், கிளிஃப் ஷா ஆகிய மூவரும் 1957-ல் இதற்காக ஒரு புரோகிராமை எழுதத் தொடங்கினார்கள். அதன் பெயர் ஜெனரல் பிராப்ளம் சால்வர். சுருக்கமாக ஜிபிஎஸ். உங்கள் செல்போனில் வழி காட்டும் ஜிபிஎஸ் வேறு, இது வேறு.

ஆட்களை உட்கார வைத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அதைப் புரோகிராமின் படிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தப் புரோகிராம் வேலை செய்யும் முறை எளிமையானது. இப்போது இருக்கும் நிலைக்கும் வேண்டிய நிலைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டும். அந்த வித்தியாசத்தைக் குறைக்கும் ஒரு செயலைத் தேட வேண்டும். அதைச் செய்யத் தடை இருந்தால், முதலில் அந்தத் தடையை நீக்க வேண்டும். ஊருக்குப் போக பஸ் வேண்டும், பஸ்ஸில் ஏற சில்லறை வேண்டும், சில்லறைக்குக் கடைக்குப் போக வேண்டும் என்று நாம் யோசிப்பது போலத்தான்.

புதிர்களில் இந்த ஜிபிஎஸ் நன்றாக வேலை செய்தது. ஆனால் அன்றாட வாழ்க்கையின் பிரச்சினைகளில் அது நின்றுவிட்டது. பார்க்க வேண்டிய வழிகள் மிக அதிகமாகிவிட்டன. அதோடு, பிரச்சினை என்ன, விதிகள் என்ன என்பதை ஒரு மனிதர்தான் அதற்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது.

வழிகள் எத்தனை?

வழிகள் எப்படிப் பெருகும் என்பதை நீங்களே பார்க்கலாம். எக்ஸெல்லைத் திறந்து ஒரு செல்லில் சமக்குறி போடுங்கள். அடுத்து எஃப், ஏ, சி, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், பிறகு அடைப்புக்குறிக்குள் 7 என டைப் செய்து என்டர் தட்டுங்கள். 5040 என்று வரும். ஏழு இடங்களுக்கு இத்தனை வரிசைகளில் போகலாம்.

7-க்குப் பதிலாக 10 போட்டால் 36,28,800. 15 போட்டால் சுமார் 1,30,767 கோடி. 20 போட்டால் எண் செல்லில் அடங்காது. 2.43, பிறகு ஈ+18 என்பது போலச் சுருக்கிக் காட்டும். பயப்பட வேண்டாம், அது பிழை அல்ல. 2.43-ஐ 10-ஆல் 18 முறை பெருக்க வேண்டும் என்று அர்த்தம்.

ஒரு நொடிக்கு 10 லட்சம் வரிசைகளைப் பார்க்கும் கம்ப்யூட்டர், 10 இடங்களை 4 நொடிக்குள் முடித்துவிடும். 15 இடங்களுக்கு 15 நாள் ஆகும். 20 இடங்களுக்குச் சுமார் 77,000 வருடம் ஆகும்! அதனால்தான் பெரிய கணக்குகளில் ஆகச் சிறந்த விடையைத் தேடாமல், போதுமான அளவு நல்ல விடையோடு நிறுத்திக் கொள்கிறார்கள். மனிதர்கள் முடிவெடுப்பதும் பெரும்பாலும் இப்படித்தான் என்று 1950-களிலேயே எடுத்துச் சொன்னவர் அதே ஹெர்பர்ட் சைமன். 1978-ல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

என் விடை தவறிய இடம்

டிரைவருக்கு ஏழு இடங்கள்தானே? 5,040 வரிசைகள் கம்ப்யூட்டருக்கு ஒரு நொடி வேலை. மேப்பில் தூரங்களை அளந்து, சிறிய புரோகிராம் ஒன்றை ஓட்டி, மிகக் குறைந்த கிலோமீட்டர் வரும் வரிசையைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சார், சென்னை–பெங்களூர் ரோட்டுல நடுவுல டிவைடர் இருக்கு. ஏழுல மூணு ஸ்டாப் எதிர்ப்பக்கம். நீங்க போட்ட மாதிரி போனா, அந்தப் பொண்ணுங்க விடியக்காலை இருட்டுல ஹைவேயைத் தாண்டி வந்து நிக்கணும். லாரி வர்ற வேகத்துக்கு அது நடக்குமா?"

எனக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் தவறு செய்யவில்லை. 'யாரும் ரோட்டைத் தாண்டக் கூடாது' என்ற விதியை நான் அதற்குச் சொல்லவே இல்லை. டிரைவருக்கோ அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே அல்ல.

இந்த ஒரு விதியைச் சேர்த்ததும் கணக்கே மாறிவிட்டது. ஏழு இடங்களும் இந்தப் பக்கம் 4, அந்தப் பக்கம் 3 எனப் பிரிந்தன. நான்கை 24 விதமாகவும், மூன்றை 6 விதமாகவும் வரிசைப்படுத்தலாம். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் முதலில் முடிக்கலாம். ஆக 24 × 6 × 2 = 288. டிரைவரின் ஒரு வார்த்தை 4,752 வழிகளைக் கழித்துவிட்டது!

காலி வண்டி

புரோகிராமைத் திரும்ப ஓட்டினேன். பட்டியலின் மேலே ஒரே கிலோமீட்டரோடு இரண்டு வரிசைகள் வந்தன. ஒன்று டிரைவர் தினமும் போவது. இந்தப் பக்கம் நால்வரை ஏற்றி, யு டர்ன் அடித்து, அந்தப் பக்கம் மூவரை ஏற்றி, மறுபடி யு டர்ன் அடித்து ஒரகடம் போவது. மற்றொன்றில் அதே பாதைதான். ஆனால் முதல் முறை இந்தப் பக்கத்தில் யாரையும் ஏற்றாமல் காலியாகப் போக வேண்டும். முதலில் அந்தப் பக்க மூவர், கடைசிச் சுற்றில் இந்தப் பக்க நால்வர்.

இதில் என்ன லாபம்? அந்த நால்வரும் சுற்றி முடிக்கும் வரை வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவ்வளவு நேரம் கூடுதலாகத் தூங்கலாம். "ஆள் வீட்டைத் தாண்டி காலி வண்டியை ஓட்டிட்டுப் போறதான்னு எனக்குத் தோணவே இல்ல சார்" என்றார் டிரைவர். ஆட்டைத் திரும்பக் கொண்டு வருவது போலத்தான் இதுவும்!

நீங்கள் செய்ய வேண்டியது

எந்தப் பிரச்சினையையும் கம்ப்யூட்டரிடம் கொடுக்கும் முன் மூன்று கேள்விகளைத் தாளில் எழுதிக் கொள்ளுங்கள். இப்போது என்ன நிலை? என்ன நிலை வேண்டும்? என்ன செய்யலாம், என்ன செய்யவே கூடாது? மூன்றாவது கேள்வியை, அந்த வேலையை தினமும் செய்பவரிடம் கேட்டு எழுதுங்கள். நான் விட்டது அதைத்தான்.

இன்று கேள்வி கேட்டால் பதில் எழுதித் தரும் ஏஐ புரோகிராம்கள் வந்துவிட்டன. அவற்றுக்கும் உங்கள் ஸ்டாப் ரோட்டின் எந்தப் பக்கம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

டிரைவர் இப்போது புது வரிசையில்தான் போகிறார். கிலோமீட்டரில் மாற்றம் இல்லை. அந்த நால்வர் மட்டும் கொஞ்சம் தாமதமாக அலாரம் வைத்துக் கொள்கிறார்கள்.